ஒன்றுமில்லாத கோப்பு கொழுத்த வரலாறு

யுனிக்ஸ் இயங்குதளத்தில் 'ட்ரூ' என்றொரு கட்டளை உண்டு. ஒன்றுமே செய்யாமல், "ஓம், எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் அதற்கு விதிக்கப்பட்ட வேலை. எங்கள் ஊரில் இந்த வேலையை முப்பது வருடம் பார்த்துப் பென்சன் எடுத்தவர்கள் கனபேர். 1979இல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'ட்ரூ' ஒரு வெற்றுக் கோப்பு. உள்ளே பூச்சியம் பைட். அதை ஓடவிட்டால், கட்டளைகளை வாங்கி நடத்துகிற ஷெல் திறந்து பார்க்கும், ஒரு வரியும் இல்லை என்று காணும், பிழை எதுவும் நடக்கவில்லையே என்று 0ஐத் திருப்பிக் கொடுக்கும். எழுதினால்தானே பிழை விட.

இப்படியொரு பூரணமான நிரலை மனிதர் சும்மா விடுவாரா? எண்பதுகளில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சட்டத்தரணிகள் வந்தார்கள். வெற்றுக் கோப்பின் தலையில் பதிப்புரிமை அறிவிப்பு ஏறியது. இது நிறுவனத்தின் தனியுரிமை மூலநிரல், இன்னும் வெளியிடப்படாதது என்று எச்சரிக்கையும் சேர்ந்தது. கீழே நிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததைக் களவெடுக்கக்கூடாது என்று நாலைந்து வரியில் எழுதி வைத்தார்கள். அதற்குப் பதிப்பு எண்ணும் இருந்தது. ஒன்றுமில்லாததில் எதைத் திருத்தி அடுத்த பதிப்பு விட்டார்கள் என்று கேட்கக்கூடாது.

பிறகு குனூ இயக்கத்தார் கை வைத்தார்கள். அவர்களுடைய 'ட்ரூ'வுக்கு உதவிக் குறிப்பு உண்டு, பதிப்பைச் சொல்லும் வசதி உண்டு. இன்றைய லினக்ஸில் அது பல பத்துக் கிலோபைட் உடம்போடு உலாவுகிறது. இதில் உச்சக்கட்டம் ஒன்று இருக்கிறது. உதவிக் குறிப்பைக் கேட்டுவிட்டு, அதை எழுதுகிற வழியை அடைத்துவிட்டால், 'ட்ரூ' தோல்வி என்று அறிவிக்கும். இதைக் கையேட்டிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வெறுங்கையோடு இருந்தவரை பொய் சொல்லாத பிறவி, வசதி வந்ததும் சொல்லத் தொடங்கிவிட்டது.

'கேட்' கட்டளைக்கும் இதே விதிதான். கோப்பை வாசித்து அப்படியே வெளியே தள்ளுவது அதன் வேலை. பெர்க்லியில் இருந்தவர்கள் வரிக்கு இலக்கம் போடு, மறைந்த எழுத்தைக் காட்டு என்று ஒவ்வொன்றாக ஒட்டினார்கள். 1983இல் ரொரன்ரோவில் நடந்த யூசெனிக்ஸ் மாநாட்டில் ரொப் பைக் இதைக் கண்டிக்கவென்றே ஒரு பேச்சு நிகழ்த்தினார். எல்லாரும் கேட்டார்கள், தலையாட்டினார்கள், வீட்டுக்குப் போய் இன்னும் இரண்டு வசதியைச் சேர்த்தார்கள். வட்டில் இடம் இருந்தது, நினைவகம் மலிந்துகொண்டே வந்தது. இறுக்கிப் பிடிக்க யாருக்கு என்ன கேடு?

இறுக்கிப் பிடிப்பதென்றால் என்னவென்று அதே காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வேறு வழியில் பாடம் நடந்தது. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. மின்சாரம் போனது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் தடைசெய்த சாமான்களின் பட்டியலில் ஏறின. பட்டியல் எழுதியவர்கள் பற்றரி இல்லாவிட்டால் சனம் அடங்கும் என்று எண்ணியிருக்க வேண்டும். சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டது. செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு செய்தி அறிக்கைக்கு உயிர் கொடுத்தது. சவுக்காரம் கிடைக்காத நாளில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தது.

ஜாம் போத்தல் விளக்கைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் தங்க விலை. அரிக்கன் லாம்புக்கு அதைத் தாங்கிற சீவன் கிடையாது. வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனைகிற அளவுக்கு எண்ணெய், அதற்குமேல் ஒரு சொட்டு விட்டால் வீட்டில் சண்டை. உள்ளுக்குள்ளேயே ஒரு சின்னத் திரி. போத்தலின் கண்ணாடியே சிம்னி, போத்தலே தாங்கி, போத்தலே கைபிடி. அரிக்கன் லாம்பிலிருந்து விளக்காக இருப்பதற்குத் தேவையில்லாத அத்தனையையும் கழற்றி எறிந்தால் மிஞ்சுவது இதுதான். அந்த வெளிச்சத்தில் படித்து ஏ.எல். சோதனை எடுத்த ஒரு தலைமுறை இருக்கிறது. மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால் ஸ்ராட் பண்ணுவதற்கு மட்டும் சில துளி பெற்றோல், எஞ்சின் சூடானதும் எண்ணெய்க்கு மாற்றுவது. ஆள் வருமுன் புகை வந்து சேரும்.

இதைச் சிக்கனம் என்று புகழ்ந்து கட்டுரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த விளக்கில் படிக்காதவர்கள். விரும்பி யாரும் லாம்பைக் கழற்றவில்லை.

விருப்பமில்லாமல் கழற்றிய இன்னொருவர் அமெரிக்காவில் இருந்தார். பெயர் புரூஸ் பெரன்ஸ், வேலை பிக்ஸார் நிறுவனத்தில். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் ஆக்கத்திலும் அவருக்குப் பங்கு; அதன் பதிப்புகளுக்கு பிக்ஸாரின் 'டோய் ஸ்டோரி' படத்துப் பாத்திரங்களின் பெயர் வந்ததற்கு இதுதான் காரணம். 1995இல், அதாவது வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் சாமானைக் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்த அதே வருடத்தில், அவருக்கு ஒரு தலையிடி வந்தது. டெபியனை நிறுவுவதற்கும், இடிந்துபோன கணினியை மீட்பதற்கும் வேண்டிய அத்தனை கட்டளையும் ஒரே பிளாப்பிக்குள் அடங்க வேண்டும். பிளாப்பியின் கொள்ளளவு 14,74,560 பைட். இயங்குதளத்தின் கருவான கேர்ணலும் அதற்குள்தான் படுக்க வேண்டும்.

அவர் செய்த வேலை 'பிஸிபொக்ஸ்'. தனித்தனி நிரல் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தலைப்பகுதியையும், எல்லாரிடமும் இருக்கிற அதே பொதுத் துணுக்குகளையும் சுமந்து திரியும். எல்லாரையும் ஒரே கோப்புக்குள் குடிவைத்தால் அந்தச் சுமை ஒருமுறைதான். கோப்பு ஒன்று, அதற்குப் பெயர் பல. எந்தப் பெயரால் கூப்பிட்டார்கள் என்று நிரல் முதலில் பார்க்கும். 'எல்எஸ்' என்றால் பட்டியல் போடும், 'சிபி' என்றால் படி எடுக்கும். 1996இல் வேலை முடிந்தது என்று பெரன்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு எரிக் அன்டர்சன் பொறுப்பெடுத்தார், அவருக்குப் பின் ரொப் லாண்ட்லி, 2006இன் கடைசியிலிருந்து டெனிஸ் விளாசென்கோ. விளாசென்கோவின் கஞ்சத்தனத்துக்கு நான் தனிப்பட்ட இரசிகன். மாற்றம் செய்யும்போது பழைய அளவு, புதிய அளவு, வித்தியாசம் என்று ஒவ்வொரு பங்சனுக்கும் அட்டவணை போடுகிற கருவி ஒன்று அங்கே இருக்கிறது. 'ஊதல் மானி' என்று தமிழில் சொல்லலாம். பதினெட்டு பைட் மிச்சம் பிடித்தாலும் அந்த அட்டவணையோடுதான் மாற்றம் பதிவாகும். வட்டியைச் சதம் சதமாகக் கணக்குப் பார்த்த வல்வெட்டித்துறைக் கப்பல்காரர்கள் பார்த்தால் பெண் கொடுத்திருப்பார்கள்.

உதவிக் குறிப்புகள் இடத்தைத் தின்கின்றனவா? அவற்றைச் சுருக்கிப் பொதியாக நிரலுக்குள்ளேயே வை. விரிக்கிற நிரலோ ஏற்கெனவே பிஸிபொக்ஸின் ஒரு கட்டளை, அதையே கூப்பிடு. சொற்பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முகவரி வைத்தால் தலைக்கு நாலு பைட்டோ எட்டு பைட்டோ போகும். ஆகவே முகவரியை எறி, சொற்களை வரிசையாக ஒட்டி வை, வேண்டும்போது எண்ணிக்கொண்டு போ. ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான் ஓடும் என்பதால் எல்லாருக்கும் ஒரே தற்காலிக நினைவிடத்தை மாறி மாறிக் கொடு. எடுத்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகமும் அடித்துச் சொல்லும். பிஸிபொக்ஸில் அது விருப்பத் தெரிவு மட்டும், இயல்பாக அணைத்தே வைத்திருக்கிறார்கள். நிரல் செத்தவுடன் கேர்ணல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகத்தான் போகிறது, பிறகு ஏன் அந்த வரிகள்?

ஊதாமல் கிடந்தது இவர்களுடைய நிரல் மட்டும். 2006இல், மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தின் எந்தப் பதிப்பு பிஸிபொக்ஸுக்கு என்பதில் சண்டை வந்தது. பத்து வருடமாக எட்டியும் பாராத பெரன்ஸ் வந்து நியாயம் பேசினார். லாண்ட்லி கோபித்துக்கொண்டு வெளியேறி, அதே மாதிரி 'டோய்பொக்ஸ்' என்றொன்றைத் தொடங்கினார். காணி எல்லைக்கு வழக்குப் பேசிப் பழகிய எங்களுக்கு இது விளங்காத கதையல்ல. வழக்கும் வந்தது. மூலநிரல் கொடுக்காமல் பிஸிபொக்ஸை விற்றார்கள் என்று 2007இல் மொன்சூன் மல்ரிமீடியாமேல் முதல் வழக்கு. 2009இல் ஒரே மூச்சில் பதினாலு நிறுவனங்கள். 2010இல் வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டலுக்கு எதிராக வந்த தீர்ப்பில் 90,000 டொலர் நட்டஈடு, மிச்சமிருந்த டிவிப் பெட்டிகளையும் ஒப்படைக்கும்படி உத்தரவு. வழக்குகளால் ஒரு வரி நிரல்கூடத் திரும்பி வரவில்லை என்று பின்னாளில் அலுத்துக்கொண்டவர், வழக்காளிகளில் ஒருவரான அதே லாண்ட்லி.

டோய்பொக்ஸ் 2015இல் ஆண்ட்ரொய்ட் 6க்குள் ஏறியது. இன்றைக்கு நல்லூர்த் திருவிழாவில் தேரைப் படம் பிடிக்கத் தூக்குகிற கைத்தொலைபேசிகளில் பெரும்பாலானவற்றுக்குள் அது இருக்கிறது. லாண்ட்லி நிரலைக் குறைத்ததோடு விடவில்லை. உரிமப் பத்திரத்திலும் கை வைத்தார். ஏற்கெனவே குட்டையான ஓப்பன்பிஎஸ்டி உரிமத்திலிருந்து அரை வாக்கியத்தை வெட்டி எடுத்தார், பூச்சிய நிபந்தனை பிஎஸ்டி என்று பெயர் வைத்தார். 2015இல் அதே வாசகத்தை வேறு யாரோ வேறு பெயரில் கொண்டுபோய்த் திறமூல அமைப்பிடம் அங்கீகாரம் வாங்கிவிட்டார்கள். எந்தப் பெயர் செல்லும் என்பது 2018இல்தான் முடிவுக்கு வந்தது. வெட்டிய அரை வாக்கியத்தைவிட அதற்காக எழுதிய கடிதங்கள் நீளம்.