மரம் போனது, பறவை வந்தது

செய்த தப்பையே திரும்பத் திரும்பச் செய்கிறார் என்று எங்கள் சித்தப்பாவைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. அபாண்டம். கோபிச்செட்டிபாளையம் வட்டாரத்தில் அவரளவுக்குப் பாடம் கற்றவர் யாருமில்லை.

1990-களில் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனி. 24 சதவீதம், 30 சதவீதம் என்று வட்டியைப் போர்டில் எழுதிப் போட்டிருந்தார்கள். சித்தப்பா பணம் போட்ட கம்பெனி ஒரு திங்கட்கிழமை திறக்கவில்லை. “இனி வட்டிக் கம்பெனிப் பக்கமே தலைவைக்க மாட்டேன்” என்றார். வைக்கவுமில்லை. அடுத்து தேக்குத் திட்டம் வந்தது. கன்று நடுவது கம்பெனி; வளர்ந்ததும் லாபம் நமக்கு. கன்று வளர்வதற்குள் கம்பெனியைக் காணோம். இப்படி ஏமாந்தவர்கள் பெருகித்தான் 1997-ல் வைப்பீட்டாளர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. சித்தப்பா தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்: மரத்தை நம்பக் கூடாது.

ஆகவே, ஈமு கோழி வந்தபோது அவருக்குத் தயக்கமே இல்லை. “தேக்குல பட்டது போதாதா சித்தப்பா?” என்று கேட்டேன். “அது மரம் கண்ணு. நின்ன இடத்துல நிக்கும். இது அசையும் சொத்து” என்றார்.

ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, தீவனம், மாதாமாதம் 6,000 ரூபாய் என்ற கணக்கில் பெருந்துறைப் பக்கம் பேசிக்கொண்டார்கள். முதல் மாதப் பணம் சொன்ன தேதியில் வந்தது. இந்த முதல் மாதப் பணம்தான் பொல்லாதது. அதைப் பார்த்துத்தான் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சேர்ந்தார், அவரைப் பார்த்து அவர் மச்சான் சேர்ந்தார். தென்னந்தோப்பு ஓரமாக அடித்த கம்பிவலைக்குள், ஆளுயரத்துக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு அந்த ஆஸ்திரேலியப் பறவைகள் நின்றன. கரும்பச்சை நிறத்தில், உள்ளங்கையில் அடங்காத முட்டை. பளபளப்பாக எது தெரிந்தாலும் கொத்தும். சித்தப்பாவின் சட்டைப் பொத்தான் ஒன்று அப்படித்தான் போயிற்று. அவர் சொத்தில் ஈமு நேரடியாக விழுங்கியது அது ஒன்றைத்தான்.

ஈமு கறியை யார் வாங்கப்போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. குஞ்சு வாங்கியவர் அதை வளர்த்தார்; அதன் முட்டை பொரிந்ததும் அடுத்தவருக்குக் குஞ்சாகவே போனது. அடுத்தவர் வரும்வரை அது தொழில். 2012-ல் அடுத்தவர் வரவில்லை. கம்பெனிகள் பூட்டின, பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கமே தீவனம் போட வேண்டியதாயிற்று.

சித்தப்பாவை மட்டும் சொல்லிப் புண்ணியமில்லை. 1720-ல் லண்டனில் சவுத் சீ கம்பெனிப் பங்குகள் எகிறியபோது ஐசக் நியூட்டன் நல்ல லாபத்துக்கு விற்றுவிட்டு வெளியே வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? விலை இன்னும் ஏறுவதைப் பார்த்து, உச்சிக்குப் பக்கத்தில் மறுபடி உள்ளே போய்ப் பெருந்தொகையை இழந்தார். அப்போது அவர் அரசு நாணயச் சாலையின் தலைவர் வேறு. அறிவு போதாததால் வருகிற நஷ்டமில்லை இது. நாம் விட்டதை இன்னொருவன் அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பணம் போவதைவிட வலிக்கிறது.

போதாக்குறைக்கு, விட்ட இடத்தில்தான் பிடிக்க வேண்டும் என்றொரு வைராக்கியம். கற்ற பாடமும் அந்தந்தப் பொருளோடு நின்றுவிடுகிறது. 2022-ல் ஆருத்ரா கம்பெனி மோசடி விவகாரம் வெடித்தது. மாதத்துக்கு 25, 30 சதவீதம் வட்டி என்று நம்பிக் கட்டியிருந்தார்கள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “எப்படித்தான் நம்பறாங்களோ!” என்று சித்தப்பா உண்மையான வருத்தத்தோடு சொன்னார். சித்தி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சித்தி எட்டாவது வரை படித்தவள். 72-ஐ வட்டி சதவீதத்தால் வகுத்தால் பணம் எத்தனை வருடத்தில் இரட்டிக்கும் என்று தெரியும் என்பதை நான் ஒருமுறை சொல்லிக்கொடுத்தேன். பேங்கில் 7 சதவீதம் என்றால் பத்து வருடத்துக்குச் சற்று மேல். அதிலிருந்து யார் எந்தத் திட்டம் சொன்னாலும் விரல் மடக்கிப் பார்த்துவிட்டு, “அப்ப பேங்க்காரன் எல்லாம் முட்டாளாங்க?” என்று கேட்கிறாள். நல்ல கேள்விதான்; ஆனால், ஆசை வந்த மனுஷனிடம் வாய்வார்த்தை எடுபடாது. பிறகு நடந்ததை அவரவர் வசதிக்கு மாற்றியும் சொல்லிக்கொள்ளலாம். “அப்பவே எனக்கு ஒரு சந்தேகம்” என்று ஈமு விஷயத்தில் சித்தப்பா இன்றுவரை சொல்லிவருகிறார்.

அதனால் சித்தி பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி மூன்று கட்டம் போட்டாள். யார் சொன்னது? பணம் எங்கிருந்து வரும்? முழுகினால் என்ன செய்வோம்? “எழுதிட்டு ஒரு வாரம் கழிச்சு பீரோச் சாவி கேளுங்க” என்று சொல்லிவிட்டாள். நோட்டு வந்த பிறகு ஒரு நிலம், ஒரு மூலிகை, ஏதோ ஒரு வெளிநாட்டுக் காசு எல்லாம் அந்த ஒரு வாரத்திலேயே ஆறிப்போயின. எழுதும்போதே அவருக்குக் கை கூசுகிறது போலிருக்கிறது.

போன மாதம் புதிதாக ஒரு பதிவு. ஏமாந்தவர்களின் பணத்தை மீட்டுத் தருகிறார்களாம், செலவுக்கு முன்பணம் மட்டும் கட்டினால் போதுமாம். முதல் கட்டத்தில் சித்தப்பா எழுதியிருந்தார்: ‘என்னோடு ஈமு வளர்த்தவர். அனுபவசாலி.’ இரண்டாவது கட்டம் நாலு நாளாகக் காலியாகவே கிடந்தது. ஐந்தாம் நாள் பால் கணக்கு எழுத உட்கார்ந்த சித்தி, தானே அதை நிரப்பிவிட்டாள்: ‘நம்மகிட்ட இருந்துதான்.’