மின்மினி வேலை

கேள்வி: மாயாஜால வீடியோ கேமில் வசனம் வந்தாலே என் மகன் 'ஸ்கிப்' அமுக்குகிறான். கேமுக்குக் கதை அவசியமா?
- ஒரு வாசகர், மாண்ட்ரியல்

பதில்: அவசியம்தான். சாட்சி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. யூபிசாஃப்ட் மாண்ட்ரியல் 2014-ல் வெளியிட்ட 'சைல்ட் ஆஃப் லைட்' கேமில் இளவரசி அரோரா முதல் எல்லோரும் செய்யுளாகவே பேசுவார்கள். கோமாளி ரூபெல்லாவுக்கு மட்டும் இயைபு வாய்க்காது. கூட இருப்பவர்கள் திருத்துவார்கள்.

'அழகு' என்றார்கள் சிலர்; 'இயைபுக்காக வசனத்தை வளைத்துவிட்டார்கள்' என்றார்கள் சிலர். நான் முதல் கட்சி. விடிய விடியக் கூத்துப் பாட்டில் கதை கேட்ட பரம்பரை அல்லவா!

இருவர் சேர்ந்தும் ஆடலாம். அரோராவை மகனிடம் விட்டுவிட்டு, மின்மினி இக்னிகுலஸை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு வெளிச்சம் காட்டுவது பெற்றவர் வேலைதானே!