ரொம்பப் பெரிய கள்ளக்குறிச்சி!

ஐரோப்பாவில் குட்டி நாடுகளுக்கென்றே ஒரு விளையாட்டுப் போட்டி நடக்கிறதாமே, அதன் ஜூடோ களத்தில் நம் கள்ளக்குறிச்சி இறங்கலாமா?
*வாசகர், கச்சிராயபாளையம்*

நம்மைச் சேர்க்க மாட்டார்கள். நாம் ரொம்பப் பெரியவர்கள்! 1985-ல் சான் மரினோவில் தொடங்கிய அந்தப் போட்டி, பத்து லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் நாடுகளுக்காக உருவானது. நம் மாவட்டத்திலோ 2011 கணக்கெடுப்பிலேயே 13 லட்சத்துக்கும் மேல்.

குட்டி நாட்டுக்காரர்கள் தங்களுக்குள் மோதி ஜெயிக்கலாம். ஒலிம்பிக்கில் செல்லுபடியாகுமா?
*வாசகர், சின்னசேலம்*

140 கோடிப் பேர் கொண்ட இந்தியா ஒலிம்பிக் ஜூடோவில் இதுவரை எத்தனை பதக்கம் வாங்கியிருக்கிறது? ஒன்றுகூட இல்லை. நம் மாவட்டத்தைவிடக் கொஞ்சமே கூடுதல் ஜனம் உள்ள கொசோவோ என்ற குட்டி நாடு, 2016 முதல் 2024 வரை ஐந்து வாங்கிவிட்டது. அதில் மூன்று தங்கம். ஐந்தையும் வென்றவர்கள் பெண்கள்! முதல் தங்கம் வென்ற மஜ்லிண்டா கெல்மெண்டியின் ஊர் பெயா, மலையடிவாரத்தில் இருக்கிறது.

இந்தியாவுக்கும் ஒரு பெருமை உண்டு: 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில், பார்வைக் குறைபாடுள்ள கபில் பர்மார் ஜூடோவில் வெண்கலம் வென்றார்.

கல்வராயன் மலைப் பிள்ளைகள் ஒல்லியாச்சே, ஜூடோ சரிப்படுமா?
*வாசகி, வெள்ளிமலை*

ஒல்லிக்கும் தனி எடைப்பிரிவு இருக்கிறதம்மா! மணிப்பூரின் சுசீலா தேவி 48 கிலோ பிரிவில்தான் 2014, 2022 காமன்வெல்த் போட்டிகளில் வெள்ளி வென்றார். உங்கள் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு ஜூடோ விரிப்பும், ஊரிலேயே தங்கிச் சொல்லித்தரும் பயிற்சியாளரும் வேண்டும். இதை அரசு உடனே செய்ய வேண்டும்.