கிளைக்கொரு புவியீர்ப்பு

ஒரே கம்பெனி, ஒரே பெயர்ப்பலகை. புவியீர்ப்பு விசை மட்டும் கிளைக்குக் கிளை மாறும்போல. சென்னை ஓ.எம்.ஆரில் வெளிநாட்டுக்காரருக்குக் கட்டும் இடத்தில் வாசலில் கால் வைத்ததுமே ஹெல்மெட், பூட்ஸ், பளபளக்கும் ஜாக்கெட் மாட்டிவிடுகிறார்கள். டீ கொண்டுவரும் பையனுக்கும் அதே அலங்காரம்தான்.

அதே கம்பெனியின் மாவட்டக் கிளைக்குப் போனால், மூன்றாவது மாடி உயரத்தில் சவுக்குக் கம்புச் சாரம், கயிற்றுக் கட்டு. அதில் ரப்பர் செருப்போடு நின்று பூசுகிறார் கொத்தனார். கீழே சித்தாள் அக்காவின் தலையில் சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி. ஹெல்மெட் எங்கே என்று கேட்டால், "ஸ்டோர்ல பத்திரமா பூட்டி வெச்சிருக்கோம் சார்" என்கிறார் மேஸ்திரி. உண்மைதான். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஒரு கீறல் கிடையாது.

500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு, பாதுகாப்பு அதிகாரி எல்லாம் வேண்டும் என்றது, 2025 வரை நடப்பிலிருந்த 1996-ஆம் ஆண்டு கட்டுமானத் தொழிலாளர் சட்டம். நம்மவர்கள் கணக்கில் புலிகள். ஆட்களை நாலைந்து சப்-கான்ட்ராக்டர் பெயரில் பிரித்து எழுதிவிட்டதால், எந்த ஏட்டிலும் 500 தேறவில்லை.

மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாள். அன்றைக்கு எல்லாக் கிளையும் சமம்: பேனர், உறுதிமொழி, லட்டு, தலைமை அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ. 'விபத்தே இல்லாத கிளை' கேடயம் மாவட்டக் கிளைக்குத்தான். சாரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்தவருக்கு வருகைப் பதிவேட்டில் சொந்த ஊர்த் திருவிழா விடுப்பு.