ஆறாவது கவுன்ட்டருக்கு ஓர் ஏற்றுமதியாளரின் கடிதம்

அனுப்புநர்:
பி1005,
பாளையங்கோட்டை.

பெறுநர்:
உயர்திரு மேலாளர் அவர்கள்,
வீட்டுக்கடன் பிரிவு, ஆறாவது கவுன்ட்டர்.
(வங்கியின் பெயரை எழுதவில்லை. கடன் கிடைக்காத கோபம் என்று சொல்லிவிடுவார்கள். உண்மையும் அதுதான்.)

பொருள்: எனக்கு வேலை இல்லை என்று தாங்கள் கண்டறிந்தது தொடர்பாக.
பார்வை: தங்கள் ஒற்றை வரி மறுப்பு.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

"விண்ணப்பதாரருக்கு நிலையான வேலை இல்லை" என்ற தங்கள் பதில் கிடைக்கப்பெற்றேன். இத்தனை வருஷமாக ஆஸ்திரேலியாவில் இருக்கும் சின்னச் சின்னத் தொழில்காரர்களுக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே கணக்கு எழுதிக்கொடுத்து வருகிறேன். அது வேலையில்லை என்ற தகவலை முதலில் தெரிவித்தது தங்கள் வங்கிதான். நன்றி.

சின்ன சந்தேகம். தங்கள் கிளையிலேயே நான்காவது கவுன்ட்டர் ஒன்று இருக்கிறது, அன்னியச் செலாவணிப் பிரிவு. அவர்களுக்கு என்னை நன்றாகத் தெரியும். வெளிநாட்டுப் பணம் வந்து இறங்கியதும் போன் வரும்: "சார், பர்பஸ் கோடு?" நான் "பி1005" என்பேன். ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் பட்டியலில் கணக்கு எழுதுவதற்கும் தணிக்கைக்கும் உரிய எண் அது. என் பெயரைக்கூட அவர்கள் மறந்திருப்பார்கள், எண்ணை மறக்கமாட்டார்கள். டாலரை ரூபாயாக்கும்போது தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, அதற்கு ஜிஎஸ்டியும் போட்டு, மிச்சத்தை என் கணக்கில் வரவு வைப்பார்கள். ஜிஎஸ்டி சட்டமோ என்னைச் சேவை ஏற்றுமதியாளர் என்கிறது. திருப்பூர் பனியனுக்கும் தூத்துக்குடி உப்புக்கும் பக்கத்தில் இலை போட்டு என்னையும் உட்காரவைத்திருக்கிறது. அந்த மரியாதையோடு எழுந்து, நடுவில் இருக்கும் தூணைச் சுற்றிக்கொண்டு ஆறாவது கவுன்ட்டருக்கு வந்தால் வேலையில்லாப் பட்டதாரி ஆகிவிடுகிறேன். அந்தத் தூணில் அப்படி என்ன இருக்கிறது ஐயா?

தங்கள் படிவத்தில் சம்பளக்காரர், தொழில்முறையாளர், வியாபாரி, ஓய்வூதியர், இதரர் என்று ஐந்து கட்டம். தொழில்முறையாளர் என்றால் டாக்டர், வக்கீல், ஆடிட்டர் என்று விளக்கிவிட்டு, தங்கள் உதவியாளர் என் பெயருக்கு நேரே 'வியாபாரி'யில் டிக் அடித்தார். வியாபாரி என்றால் கடையைப் பார்க்க ஆள் வரும் அல்லவா? வந்தார்.

நல்ல பையன். வாசலிலேயே நின்று, "சார், போர்டு எங்க?" என்றார். போர்டு இல்லை. "ஆபீஸ்?" மேசையைக் காட்டினேன். "அப்ப பெட்ரூம்?" அதுவும் இதுதான். "ஸ்டாக் என்ன வச்சிருக்கீங்க?" லேப்டாப் ஒன்று, கூடுதல் திரை ஒன்று, கரண்ட் போனால் தாங்க இன்வெர்ட்டர், ஒரு கம்பெனி இன்டர்நெட் அறுந்தால் இருக்கட்டும் என்று இன்னொரு கம்பெனி இணைப்பு. "ஸ்டாஃப்?" என்று அவர் கேட்ட நேரம் பார்த்து அம்மா காபி கொண்டுவந்தாள். என்ன எழுதிக்கொண்டாரோ தெரியாது. பிறகு விதிப்படி அக்கம்பக்கத்தில் விசாரிக்கப் போனார். பிரிஸ்பேனில் காலை 9 மணி என்றால் இங்கே விடியற்காலை 4.30 என்பது எதிர்வீட்டு ஆச்சிக்கு எப்படித் தெரியும்? "அந்தத் தம்பியா? காலைல நாலு மணிக்கே லைட்டப் போட்டுட்டு பொட்டியத் தட்டிக்கிட்டு இருக்கும். மத்தியானம் ஆச்சுன்னா ஒறக்கம். என்ன சோலி பாக்கோ, யாரு கண்டா? ஆனா தங்கமான புள்ள" என்று சாட்சி சொல்லியிருக்கிறார்கள். 'தங்கமான பிள்ளை' என்பதற்குப் படிவத்தில் கட்டமில்லை. நிஜத் தங்கமாக இருந்தால் மூன்றாவது கவுன்ட்டரில், என்ன வேலை என்று கேட்காமலேயே நகைக்கடன் கொடுத்திருப்பார்கள்.

தாங்கள் கேட்பது ஒரே ஒரு தாள், ஒரே ஒரு முதலாளி கையெழுத்துப் போட்ட நியமனக் கடிதம். இந்த இடத்தில் தங்களுக்கே தங்கள் விதியை நினைவூட்ட அனுமதிக்கவும். எந்த ஒரு கடனாளியிடமும் முதல்நிலை மூலதனத்தில் 20 சதவீதத்துக்கு மேல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி போட்டிருக்கும் பொது வரம்பு. ஒருவன் கவிழ்ந்தால் வங்கியும் சேர்ந்து கவிழக் கூடாதே. நானும் அதே வரம்பைத்தான் வைத்திருக்கிறேன். எந்த வாடிக்கையாளரும் என் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் தூக்கம் கெடும். உடனே இன்னொருவரைத் தேடுவேன். ஒருவர் கடையை மூடினால் அந்த மாதம் காபிப்பொடி மட்டும் மாறும், அரிசி மாறாது. தாங்களோ, வருமானம் முழுவதையும் ஒரே ஆளிடம் கட்டிவைத்துவிட்டு வா, அப்போதுதான் நீ பத்திரமானவன் என்கிறீர்கள். தங்கள் பணத்துக்கு ஆபத்தாகத் தெரிவது என் சோற்றுக்கு மட்டும் எப்படி உத்தரவாதம் ஆனது?

வருமான வரித்துறையும் தங்களைப்போலவே என்னிடம் பிரியமாக இருந்திருக்கிறது. 1961-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு, கணக்கியல் போன்ற தொழில் செய்பவர் மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டினால் பேரேடு வைத்திருக்க வேண்டாம் என்றது. வரம்பு 50 லட்சம். ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம். ஊரார் பேரேட்டை எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சொந்தப் பேரேடு தேவையில்லை! சரி, ஆயிரம் வந்தால் 500 என்று காட்டினேன். தாங்கள் அந்த 500-இல் பாதியைத்தான் மாதத் தவணைக்குக் கணக்கில் எடுத்தீர்கள். அதற்குப் பிறகு, கடந்த மூன்று வருஷத்தில் எது சோர்ந்த வருஷமோ அதைத் தேடிப் பிடித்து அதன் மேல் இந்த வகுத்தலை நடத்தினீர்கள். இன்னும் ஒரு வருஷம் பின்னால் போயிருந்தால் நான்தான் வங்கிக்குக் கடன் தரவேண்டும் என்று வந்திருக்கும்.

இதையெல்லாம்விட வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது. என் வாடிக்கையாளர்களில் ஒருவர் பிரிஸ்பேனில் குழாய் வேலை செய்கிறார். அவருக்கும் முதலாளி கிடையாது, நியமனக் கடிதம் கிடையாது, போர்டு அவர் வேனின் பக்கவாட்டில் இருக்கிறது. சென்ற வருஷம் அவர் வீடு வாங்கினார். அவருடைய வங்கி இரண்டு வருஷ வரிக் கணக்கும் லாப நட்டக் கணக்கும் கேட்டது. எழுதியது யார்? அடியேன். அங்குள்ள பதிவுபெற்ற முகவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். கடன் கிடைத்தது. நான் எழுதிய கணக்கை நம்பி ஒரு வங்கி முகம் தெரியாத ஆளுக்கு வீடு வாங்கிக்கொடுக்கிறது, எழுதிய கையை நம்பி இன்னொரு வங்கி ஒரு செங்கல் தரமாட்டேன் என்கிறது.

தங்கள் உதவியாளர் அக்கறையோடு இன்னொன்றும் கேட்டார்: "இனிமே இதெல்லாம் ஏஐயே பாத்துக்குமாமே சார்?" பார்த்துக்கொள்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து பதிவுகளை இழுத்து, இது டீசல், இது போன் பில் என்று நொடியில் பிரித்துவிடுகிறது. முன்பு அதற்கே என் பாதிக் காலை போகும். ஆனால் மேற்படி குழாய்க்காரர், பன்னிங்ஸ் என்ற அந்த ஊர் ஹார்டுவேர் கடையில் ஞாயிற்றுக்கிழமை கறி சுடும் அடுப்பு ஒன்று வாங்கினார். கடையின் பெயரைப் பார்த்த இயந்திரம் அதைத் தொழிற்கருவி என்று எழுதிவைத்தது. அதை எடுத்துச் சொந்தச் செலவில் போட்டு, "இது வரியில் கழியாது" என்று அவருக்கு நோகாமல் எடுத்துச்சொல்வதுதான் இப்போதைய வேலை. டைப் அடிக்கும் வேலை குறைந்தது, ஆளைத் தெரிந்துவைத்திருக்கும் வேலை கூடியது. ஆகவே ஜூலையில் அவர்களுக்குப் புது நிதியாண்டு பிறக்கும்போது கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். ஒருவர் முணுமுணுத்தார், யாரும் போகவில்லை. தங்கள் அகராதியில் இதற்குப் பெயர் 'வருமானத் தொடர்ச்சி உறுதியாகவில்லை'.

நான் ஒருவன் என்றால் விட்டுவிடலாம். நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21-இல் 77 லட்சமாக இருந்த கிக் தொழிலாளர்கள் 2029-30-க்குள் 2.35 கோடி ஆவார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறது. சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவரும் பையனில் தொடங்கி விதவிதமான ஆட்கள். அத்தனை பேரையும் 'இதரர்' என்பதிலேயே அடைப்பதாக உத்தேசம் என்றால், அடுத்த பதிப்பில் அந்தக் கட்டத்தையாவது கொஞ்சம் பெரிதாக வரையச் சொல்லுங்கள்.

என் விண்ணப்பத்தைத் தாங்கள் திரும்பப் பார்க்க வேண்டும் என்றில்லை. தூணைச் சுற்றி வந்து நான்காவது கவுன்ட்டர் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டாலே போதும். மேற்கொண்டு எழுத நேரமில்லை. குழாய்க்காரர் இரண்டாவது வீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். அவருடைய வங்கி நாளைக்குள் கணக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் கிளையின் ஏற்றுமதியாளர் (கவுன்ட்டர் 4),
வேலையற்றவர் (கவுன்ட்டர் 6).