பூனையின் கல்லீரல் எழுதிய பட்டியல்

பூனை வளர்ப்பதென்று ஒரு வீட்டில் தீர்மானமானதும், பூனைக்கு முன்னால் அதன் சாமான்கள் வந்து இறங்கிவிடுகின்றன. வெல்வெட் மெத்தை, மீன் படம் போட்ட கிண்ணம், கழுத்துக்கு மணி, லாவெண்டர் மணக்கும் மண், கூரை வைத்த கழிப்பிடம், கண்ணாடிக் குமிழ் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு ஊர்வலம் போக ஒரு முதுகுப் பை, பிறந்தநாள் தொப்பி. தெருவில் கிடைத்த பூனையின் பிறந்தநாள் யாருக்கும் தெரியாது என்பது தொப்பி வியாபாரத்தை எந்த விதத்திலும் பாதிக்கவில்லை. இவற்றில் முக்கால்வாசி மனிதரின் கண்ணுக்கும் மூக்குக்கும் வாங்கப்படுபவை. பணம் கொடுப்பவர் மனிதர்தான் என்பதால் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் பூனைக்கு என்ன வேண்டும் என்ற பட்டியல் கடையில் கிடைக்காது, பூனையின் உடம்பிலேயே இருக்கிறது என்பது என் கட்சி. நாக்கு, கல்லீரல், மூக்கு, நகம் என்று அங்கம் அங்கமாக அதைப் படித்துக்கொண்டு போனால், வாங்க வேண்டியது கொஞ்சம், வீட்டைவிட்டு வெளியே அனுப்ப வேண்டியது நிறைய என்று தெரியவரும்.

நாக்கிலிருந்து தொடங்கலாம். பூனைக்கு இனிப்பு தெரியாது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிக்கு இரண்டு மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அவற்றில் ஒன்று பூனை இனத்தில் என்றைக்கோ பழுதாகிவிட்டது என்று 2005-ல் ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தார் கண்டு சொன்னார்கள். ஆகவே உங்கள் சர்க்கரைப் பொங்கலை முகர்ந்துவிட்டு அது திரும்பிப் போனால் சமைத்தவர் மனம் புண்பட வேண்டாம். தின்றால், நெய்க்காகத் தின்கிறது. இறைச்சியைத் தவிர வேறொன்றையும் நம்பி வாழாத பிராணிக்கு இனிப்பு எதற்கு? இதே கணக்கில் இன்னும் சில திறமைகளையும் பூனை கைவிட்டிருக்கிறது. டாரின் என்ற சத்தை நம் உடல் ஓரளவு தானே தயாரித்துக்கொள்ளும். பூனையால் போதுமான அளவு முடியாது, தசையிலிருந்தும் இதயத்திலிருந்தும்தான் பெற வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975-லும், இதயம் தளர்ந்து வீங்கும் என்று 1987-லும் ஆய்வுகள் வெளிவந்தன. காரட்டைக் கொடுத்தால் அதிலிருந்து வைட்டமின் ஏ செய்துகொள்ளவும் அதற்குத் தெரியாது. இத்தனைக்கும் பதிலாக நாம் வைப்பது தயிர்சாதம்.

இங்கே இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, “எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அது சுத்த சைவம்” என்பது. சைவப் பூனையின் உள்விவகாரம் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிக்கே தெரிந்திருக்கிறது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை முன்கால்களை உயர்த்தித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள் பயபக்தியோடு நிற்கின்றன. எலிகளின் கதி என்ன ஆகும் என்று சிற்பி விளக்கவில்லை, விளக்க வேண்டியதும் இல்லை. இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. சைப்ரஸ் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மனிதருக்கு அருகில் பூனையையும் புதைத்திருக்கிறார்கள். அத்தனை காலமாகக் கடையில் விற்கும் தீனியா தின்றது, மிச்சம் மீதி தின்றுதானே வளர்ந்தது என்பார்கள். மிச்சம் மீதியெல்லாம் மேல்வரும்படி; சம்பளம் எலி. தானியக் களஞ்சியம் நம்முடையது, எலி அதனுடையது என்ற ஏற்பாட்டில்தான் பூனை நம்மோடு ஒட்டிக்கொண்டது. ஒரு முழு எலிக்குள் டாரின் உட்படப் பூனைக்கு வேண்டிய எல்லாம் சரியான விகிதத்தில் இருக்கிறது. மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் எலி இல்லை. ஆகவே பூனையை உள்ளே அழைத்து வந்த அன்றே எலியின் உத்தியோகத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகத்தான் பொருள். பூனைக்கென்று தயாரித்த, டாரின் சேர்த்த தீனி அந்த வேலையைச் செய்யும். அதோடு வேகவைத்த கோழியும் எப்போதாவது முள் நீக்கிய மீனும் கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பில் கிடந்த துண்டைக் கொடுக்கக் கூடாது, அவை பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். மத்தி மலிவு என்று தினமும் அதையே போடுவதும் சரியில்லை. எண்ணெய் மிகுந்த மீனையே தின்று வைட்டமின் ஈ குறைந்துபோன பூனைக்கு உடம்புக் கொழுப்பே அழற்சி காண்பதுண்டு.

பாலைப் பற்றிச் சொல்லாவிட்டால் தமிழர் யாரும் என்னை மன்னிக்க மாட்டார்கள். கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டார். கவிதைக்கு அது அழகு. கால்நடை மருத்துவரிடம் கேட்டால், அந்தப் பூனை கரையைத் தாண்டுவதற்குள் வயிற்றுப்போக்கில் சுருண்டிருக்கும் என்பார். தாய்ப்பால் மறந்த பிறகு பெரும்பாலான பூனைகளுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிப்பதில்லை. தெனாலிராமன் வளர்த்து, பாலைக் கண்டதும் ஓட்டமெடுத்த பூனை ஒன்றுதான் நம் கதைகளிலேயே ஆரோக்கியமாக வாழ்ந்திருக்க வேண்டும். பாலுக்குப் பதில் தண்ணீர் வையுங்கள், சாப்பாட்டுத் தட்டிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு மூன்று இடங்களில். வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வாரிசு அது. தாகம் எடுத்தாலும் சுலபத்தில் ஒத்துக்கொள்ளாது.

இனி கல்லீரல். இந்தக் கட்டுரையின் கதாநாயகன் இதுதான், சோகக் கதாநாயகன். செடி கொடிகளைத் தின்னும் பிராணிகளுக்கு அவற்றிலுள்ள நச்சுகளை முறிக்கும் ஒரு நொதி வேண்டும். இறைச்சியே தின்னும் பூனைக்கு அது பயன்படாமல் கிடந்து, அதற்கான மரபணுவும் செயலிழந்துவிட்டது. பாலைவனத்தில் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. நம் வீட்டில்தான் நஷ்டம். காய்ச்சலா, தலைவலியா, யாரைக் கேட்க வேண்டும் என்று நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை அந்த நொதியின் வழியாகத்தான் கழிய வேண்டும். பூனைக்கு ஒரே ஒரு மாத்திரை உயிரைப் பறிக்கப் போதும். வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும் பினாயிலும் அதே கதைதான். துடைத்த தரையில் பூனை நடக்கும், பிறகு பாதத்தை நக்கும். சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நம் ஆசையும் அதன் ஆசையும் சேர்ந்து அதன் வயிற்றுக்குள் பினாயிலைக் கொண்டு சேர்க்கின்றன. “எங்கள் அம்மா காலத்திலிருந்து பினாயில்தான், எந்தப் பூனையும் சாகவில்லையே” என்பவர்களுக்கு: அம்மா காலத்துப் பூனை திண்ணையில் இருந்தது, கூடம் துடைக்கும்போது மதிலில் இருந்தது. உங்கள் பூனைக்குக் கதவு சாத்தியிருக்கிறது. வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் போதும், துர்தேவதைகள் கோபித்துக்கொள்வதில்லை. பீரோவில் துணிக்கு நடுவே கிடக்கும் அந்துருண்டை, நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து, பூங்கொத்தில் வந்த லில்லி ஆகியவையும் வெளியேற வேண்டும். லில்லியின் மகரந்தம் மேலே பட்டு அதை நக்கினால்கூடப் பூனைக்குச் சிறுநீரகம் பழுதாகும். பூக்கட்டும் நூல் தனி வில்லன். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் பின்னோக்கி வளைந்தவை; வாயில் போன நூலைத் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும், குடல் அதன்மேல் சுருக்குப்பையாகச் சுருங்கும். பூனை நூல்கண்டோடு விளையாடும் படத்தை நாட்காட்டியில் போட்டவர் ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணராக இருக்க வேண்டும்.

மூக்கு சொல்வது கழிப்பிடத்தைப் பற்றி. 1947 வரை அமெரிக்காவில் வீட்டுப் பூனைக்குச் சாம்பலோ மணலோதான். அந்த ஆண்டு மிச்சிகனில் எட் லோ என்பவர், தொழிற்சாலைத் தரையில் எண்ணெயை உறிஞ்ச விற்றுக்கொண்டிருந்த களிமண் குருணையைப் பக்கத்து வீட்டுப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பெரும் பணக்காரரானார். இன்று நாம் பை பையாக வாங்கும் கட்டிபிடிக்கும் லிட்டர் என்ற கழிப்பிட மண் பெரும்பாலும் பென்டோனைட் களிமண். அது குஜராத்தின் கட்ச் பகுதியில் தாராளமாகக் கிடைக்கிறது. மணல் போதாதா என்றால், தாராளமாகப் போதும், ஆனால் தமிழ்நாட்டில் ஆற்று மணலுக்கு வீடு கட்டுபவர்களே வரிசையில் நிற்கும்போது பூனையையும் அந்த வரிசையில் நிறுத்துவது நியாயமா என்று யோசிக்க வேண்டும். வாசனை கலந்த லிட்டரும் கூரை வைத்த பெட்டியும் நம் மூக்குக்கானவை. பூனையின் மோப்பம் நம்முடையதைவிடப் பல மடங்கு கூர்மை. லாவெண்டர் நெடி அடைந்த சிறு அறைக்குள் போவதைவிட அது உங்கள் சோபாவைத் தேர்ந்தெடுக்கும், பிறகு அதைத் திமிர் என்பீர்கள். பாத்திரக் கடையில் கிடைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப், வாசனையில்லாத மண், தினமும் அள்ளி எறிய ஒரு கரண்டி. அந்தக் கரண்டியைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாத குடும்பக் கட்டுப்பாடும் தேவை. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு டப் அதிகம் வைக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். ஒரே குளியலறையோடு கூட்டுக்குடித்தனம் நடத்தியவர்களுக்கு இது ஆடம்பரமாகத் தோன்றும். பூனை அப்படிப் பழகிய ஜாதி இல்லை.

மெத்தையை வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு துயரச் செய்தி. நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10-க்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தும் 9-க்குக் கொடுக்காமலும் பார்த்தார்கள். 2014-ல் வெளிவந்த அந்த ஆய்வில், பெட்டி கிடைத்தவை சீக்கிரமே பதற்றம் தணிந்தன. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் விஷயம் பூனை பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. எலிக்கு அது புலி. நாய்க்கும் கழுகுக்கும் அதுவே இரை. ஆகையால் வந்த முதல் நாட்களில் அதற்கு வேண்டியது ஓர் அறை, ஓர் அட்டைப்பெட்டி, பார்க்க வரும் உறவினர்களிடமிருந்து பாதுகாப்பு. கட்டிலுக்கடியில் இருந்து அதை இழுத்து எல்லோருக்கும் காட்டுவது உபசாரம் ஆகாது. பயம் தெளிந்தபின் அது உயரம் தேடும். ஆயிரக்கணக்கில் செலவழித்து மரக்கோபுரம் வாங்குவதற்கு முன் தலையை நிமிர்த்திப் பாருங்கள்: பரண் இருக்கிறது. கொலுப் பொம்மைகளுக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவே ஒரு சாக்கு விரித்தால் முடிந்தது. நகத்துக்கு மட்டும் கொஞ்சம் உழைக்க வேண்டும். கால்களை முழுக்க நீட்டிப் பிறாண்டும் உயரத்துக்கு, ஆட்டினாலும் சாயாத கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றை இறுகச் சுற்றி, சோபா பக்கத்திலேயே நிறுத்த வேண்டும். பிறாண்டுவது பூனைக்கு நகத்தின் பழைய உறையைக் கழற்றும் வேலை, தன் வாசனையைப் பதிக்கும் வேலை; திட்டினால் நிற்காது, இடம் மாறும்.

பணம் செலவழித்தே தீர வேண்டும் என்று கை அரிப்பவர்கள் பால்கனிக்குப் போகலாம். புறா வலை கட்டுபவரைக் கூப்பிட்டு, பூனையின் பல்லுக்கும் நகத்துக்கும் தாங்கும் வலையாக, ஓரம் விடாமல் கட்டச் சொல்லுங்கள்; ஜன்னலில் இருக்கும் கொசுவலை ஒரு பிற்பகலுக்குத் தாங்காது. பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்குமே என்பார்கள். ஆதாரமும் காட்டுவார்கள்: நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளில் 90 சதவீதம் பிழைத்ததாக 1987-ல் ஒரு கட்டுரை வந்தது. ஆனால் எண்ணப்பட்டவை மருத்துவமனைக்கு வந்தவை. விழுந்த இடத்திலேயே செத்ததை யாரும் டாக்சி பிடித்துக் கொண்டுபோவதில்லை. பிழைத்தவற்றிலும் தாடை உடைந்தவை, நெஞ்சில் அடிபட்டவை ஏராளம்.

மீதிப் பணம் கால்நடை மருத்துவருக்கு. பூனைக்காய்ச்சல் எனப்படும் பான்லூக்கோபீனியா உள்ளிட்டவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியைக் குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை போட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். “அது வீட்டைவிட்டுப் போவதே இல்லை” என்பது இங்கே செல்லாது. பான்லூக்கோபீனியா கிருமி மாதக்கணக்கில் வெளியில் தாக்குப்பிடித்து உங்கள் செருப்பில் ஏறி வரும். கருத்தடையை எதிர்ப்பவர்கள், ஒரு பிரசவமாவது பார்க்கட்டுமே என்று தாய்மாமன் தோரணையில் பேசுகிறார்கள். பெண் பூனை நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம், இரண்டு மாதத்தில் குட்டி போடும். சீக்கிரம் செய்த கருத்தடை பிற்பாடு மடிப் புற்றுநோய் வரும் வாய்ப்பையும் வெகுவாகக் குறைக்கிறது. ஆண் பூனை டப்பில் முக்கி முக்கி உட்கார்ந்து ஒரு சொட்டும் வராமல் எழுந்தால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் தேட வேண்டாம். சிறுநீர்த் துவாரம் அடைத்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அதற்குத்தான் மேல்பக்கம் திறக்கும் பிளாஸ்டிக் கூடை. அது பரணில் கிடந்து ஊசி நாளில் மட்டும் இறங்கினால் பூனை அதற்குள் பரணுக்குப் போய்விடும். கூடத்திலேயே திறந்து கிடக்கட்டும். உள்ளே தூங்கிப் பழகும்.

அப்படியானால் ஆசைக்கு ஒன்றும் வாங்கக் கூடாதா என்று கேட்கலாம். வாங்குங்கள், ஆசை உங்களுடையது என்று ஒப்புக்கொண்டு வாங்குங்கள். பூனைக்கு மணி கட்டுவது யார் என்று எலிகள் மாநாடு போட்ட காலம் போய், 99 ரூபாய்க்கு நாமே கட்டுகிறோம்; கட்டினால் இழுத்தவுடன் அவிழும் கொக்கி உள்ள பட்டையாகக் கட்டுங்கள். பெயர் வைப்பதற்குச் செலவே இல்லை, தாராளமாக நேரம் செலவிடலாம். ஜப்பானில் 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, வீட்டுப் பூனைகள் தங்கள் பெயரை மற்ற சொற்களிலிருந்து பிரித்தறிகின்றன என்று காட்டியது. கூப்பிட்டால் வரும் என்று அதில் எங்கும் சொல்லவில்லை.