கூடிக் கைகழுவுவோம்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்கு ஆசிரிய ஆலோசகர் வருகிறார் என்றால் மேசைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதல் நாளே திரும்பிவிடும். கரும்பலகையைப் பார்த்திருந்த பிள்ளைகள் ஆளுக்காள் முகம் பார்த்து உட்காருவார்கள். இதற்குப் பெயர் குழுச் செயற்பாடு. ஆலோசகர் கையெழுத்துப் போட்டு, பிளேன்டீ குடித்து, வாகனம் ஏறியதும் மேசைகள் பழையபடி திரும்பும். மேசைகளுக்கு நல்ல பயிற்சி.

2007இல் 6ஆம், 10ஆம் தரங்களில் தொடங்கிய பாடத்திட்டம்தான் இதைக் கட்டளையாக்கியது. ஆங்கில ‘ஈ’ (E) எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகளைக் கொண்ட ‘5E’ கற்பித்தல் மாதிரி. தேர்ச்சி மையக் கல்வி. மகரகமவில் அச்சான ஆசிரியர் வழிகாட்டியில் டிமை தாள், மார்க்கர் என்று பட்டியல் நீளும். வாங்குவது யார்? பெரும்பாலும் ஆசிரியர்தான். தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்கள் என்று ஆயிரக்கணக்கில் எடுத்து, மாதம் 6,000 ரூபாய் கையில் வைத்தார்களே, பிறகு பெரிய மனது பண்ணி 10,000 ஆக்கினார்களே, அந்தக் காசில் மார்க்கர் வாங்க வேண்டியிருந்தது.

இடமாவது உண்டா? எத்தனையோ பாடசாலைகளில் ஒரே மண்டபம், நடுவே சுவரில்லை. இந்தப் பக்கம் 6ஆம் தரம் கலந்துரையாடினால் அந்தப் பக்கம் 7ஆம் தரத்துக்குக் கணக்கு மறந்துபோகும். ஆடி மழை தகரத்தில் கொட்டினால் இரண்டு தரமும் ஒரே குழு.

குழுவேலை மேல் நமக்குக் கோபமில்லை. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், அதுவரை பிரித்துவைத்த கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, எலியட் அரொன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். ஒருத்தி வாய் திறக்காவிட்டால் மற்றவர்களுக்குப் பாடம் முழுமையாகாது. பரீட்சை மட்டும் தனித்தனி. ஒளிய இடமில்லை. இங்கே? எட்டுப் பேர் ஒரு டிமை தாளைச் சுற்றிக் குனிகிறார்கள். எழுத்து அழகான பிள்ளை எழுதும். வாயுள்ள பிள்ளை வாசிக்கும். மிச்ச ஆறும் கைதட்டும். புள்ளி எல்லாருக்கும் ஒன்றே.

பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். மேலிடத்துப் பழக்கம் அது. 2026க்கென 6ஆம் தரத்துக்கு அச்சடித்த ஆங்கிலப் பாடத்தொகுதி நினைவிருக்கிறதா? எழுதியவர்கள் பலர். சரிபார்க்க வேண்டியவர்களும் பலர். உள்ளே, பிள்ளைகள் பார்க்கத் தகாத இணையத்தள முகவரி. அடுத்தவர் பார்ப்பார் என்றே அத்தனை பேரும் இருந்திருக்க வேண்டும். 2026 ஜனவரியில் 6ஆம் தரச் சீர்திருத்தமே 2027க்குத் தள்ளிப்போயிற்று. அச்சுச் செலவு நம் தலையில். குழுவில் நாம் இல்லை. பில்லில் மட்டும் இருக்கிறோம்.

தோட்டத்துப் பிள்ளைக்குக் கூட்டுவேலை பற்றி எந்த வழிகாட்டியும் தேவையில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டில் பேர் கூப்பிடும் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளை. அம்மா கூட்டத்தோடுதான் மலையேறுகிறாள். ஆனால் கொழுந்து நிறுக்கும்போது தராசில் அவள் கொழுந்து மட்டும். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். பக்கத்து நிரைக்காரி மேல் பழிபோட முடியாது.

அந்தத் தராசை இதுவரை எந்தக் கல்விப் பணிமனையும் வாங்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில். கணிதத்துக்கு, விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் எங்கே என்று இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள். அமைச்சு மாகாணத்தைக் காட்டும். மாகாணம் வலயத்தைக் காட்டும். வலயம் சுற்றுநிருபத்தைக் காட்டும். அதிபர் கூரையைக் காட்டுவார். அரை நூற்றாண்டாக நடக்கிறது இந்தக் குழுச் செயற்பாடு. ஒருவருக்காவது அரைப்பேர் விழுந்ததா?